கோடம்பாக்கத்து மெத்தைகளும் ஐப்பசி மழையும்

சென்னைப் பட்டணத்தில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழையைச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் என்று கொண்டால், அதில் சுமார் 60 சதவிகிதம் அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பரோடு ஓய்கிற வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து, அந்த இரண்டரை மாதத்திலும் சில நாட்களுக்குள்ளாகவே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில்தான். சித்திரையிலும் வைகாசியிலும் வெறுங்காலை வைக்க முடியாதபடி காய்ந்து, ஆடி ஆவணியில் சாயங்காலத்து இடிமழை ஒன்றிரண்டால் திடீரென்று நனைந்து குளிர்ந்து, மறுநாளே மறுபடியும் காய்ந்து, இவ்விதம் மாதக்கணக்கில் புடம்போடப்பட்ட ஒரு தட்டையான மேல்தளம், ஐப்பசி பிறந்ததும் இரவும் பகலுமாக ஜலத்தில் ஊறிக் கிடக்க வேண்டியிருக்கிறது. குளிர்தேசங்களில் காங்கிரீட்டுக்குப் பெரிய சத்ரு உறைபனி. அதன் நுண்துளைகளில் புகுந்த நீர் உறைகையில் சுமார் 9 சதவிகிதம் பருத்து உள்ளிருந்தே பிளந்துவிடுமாதலால், பனிக்காலத்துக்கு முன் வாசற்புறத்துத் தளங்களின் வெடிப்பை அடைத்து மேலே நீர் புகாத பூச்சிடுவது அங்கெல்லாம் வீட்டுக்காரரின் வருஷாந்தரக் கடமையாயிற்று. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சாலைப் பொறியாளர்கள், கலவையிலேயே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளைச் சேர்த்து, உறையும் நீர் ஒதுங்குவதற்கு முன்கூட்டியே இடம் விட்டுவைக்கும் உபாயத்தையும் கண்டுகொண்டார்கள். நமக்கு உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களை விட்டால் உறைபனி இல்லை. நமக்கு வாய்த்த சத்ரு வெயிலும் மழையும் மாறிமாறி வருவதுதான். அதற்கு மேல்தளத்தைத் தயார்செய்யும் கலை இந்தப் பட்டணத்தில் சிமெண்டைவிட மூத்தது. சிமெண்ட் வந்து அதை அவசியமற்றதாக்கிவிட்டதாக எண்ணப்பட்ட காலமும் உண்டு, அந்த எண்ணம் பலிக்காமல் போன காலமும் உண்டு.

அந்தச் சரித்திரத்தைக் கோடம்பாக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பழையது மிகப் பழையது; அடையாற்றுக்குத் தெற்கே போனால் புதியது மிகப் புதியது; கோடம்பாக்கத்திலோ, நாட்டு ஓடு வேய்ந்த வீடும், தேக்கு உத்திரத்தின் மேல் சுண்ணாம்பால் தளம் போட்ட மெத்தை வீடும், கம்பி கட்டி வார்த்த காங்கிரீட் வீடும், இரண்டு தலைமுறைக் காலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தெருவில் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பிரதேசம் பட்டணமே அல்ல. பழைய புலியூர்க் கோட்டத்தின் பெயரை இன்றும் சுமந்திருக்கும் புலியூர் என்ற கிராமமும், பாரத்வாஜேசுவரர் கோயிலும், வயலும் தோப்புமாக இருந்த இடத்துக்கும் மயிலாப்பூருக்கும் இடையில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாக நீண்டு கிடந்த பெரிய ஏரி ஒன்று குறுக்கிட்டது. அதன் ஒரு பகுதியை வற்றவைத்து, தியாகராய நகரை 1923 முதல் உண்டாக்கியபோதுதான், ரயில் பாதைக்கு மேற்கேயுள்ள கோடம்பாக்கத்துக்குப் பட்டணம் அண்டை வீடாயிற்று. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் இங்கே மனை வாங்கினார்கள். ஏ.வி. மெய்யப்பன் தம் ஸ்டூடியோவைக் காரைக்குடியிலிருந்து 1948இல் இவ்வழியே பெயர்த்துக்கொண்டு வந்ததும், வாஹினி ஸ்டூடியோவும் அதே காலத்தில் எழுந்ததும், இந்தப் பெயரைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் நான் இங்கே பேச வந்தது ஸ்டூடியோக்களுக்குள் எழுந்த அட்டை அரண்மனைகளைப் பற்றியல்ல, அவற்றைக் கட்டிய ஆசாரிகளும் அவற்றில் நின்ற துணை நடிகர்களும் ராத்திரி திரும்பிப்போய்ப் படுத்த வீடுகளின் தலைப்பாகத்தைப் பற்றி.

ஏரியின் ஞாபகம் பூமிக்கு இன்னும் போகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கோடம்பாக்கம் நெடுஞ்சாலையில் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் நிற்கிறது. ரயில் பாதைக்கு அடியில் செல்லும் துரைசாமி சுரங்கப்பாதை ஒரு நல்ல மழைக்கே குளமாகிவிடுகிறது. கீழே தேங்குகிற நீர் அரசாங்கத்தின் விசாரம். மேலே தேங்குகிற நீர் வீட்டுக்காரருடையது.

சூளைமேடும் கோடம்பாக்கமும் ஒன்றையொன்று ஒட்டியிருப்பவை. செங்கலும் சுண்ணாம்பும் சுட்ட தொழில் அப்பக்கத்தில் நடந்த காலத்தில், வசதியுள்ளவன் வீடு கட்டினால் அது 'மெத்தை வீடு' என்று பெயர் பெற்றது. இங்கிலீஷ்காரர்கள் அதே தளத்துக்கு இந்தப் பட்டணத்தின் பெயரையே இட்டு 'மெட்ராஸ் டெரஸ்' என்றார்கள்; தேசத்தின் பொறியியல் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் அது அந்தப் பெயரால்தான் நிற்கிறது. அதைக் கட்டும் விதம் சற்று விஸ்தாரமாகச் சொல்லத்தக்கது.

சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்பி, சுவருக்குள் புதையும் முனைகளுக்குக் கறையானுக்கு அஞ்சித் தார் பூசி, அவற்றின் மேல், சாதாரணச் செங்கல்லில் பாதிக் கனம்கூட இல்லாத, ஒரு அங்குலமே தடித்த அச்சுக்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, அறையின் ஒரு மூலையிலிருந்து கோணலாக, வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. கொத்தனார் கையிலுள்ள கல்லின் முகத்தில் சுண்ணாம்புச் சாந்தைத் தடவி, முன்பு வைத்த வரிசையோடு அழுத்திச் சில நொடிகள் பிடித்துக்கொண்டால் அது பற்றிக்கொள்ளும். அது பற்றியதை நம்பித்தான் அடுத்த கல். அந்தரத்தில் ஒரு தளம் இப்படித் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு வளர்ந்துபோவதை முதன்முதல் பார்க்கிறவனுக்கு அது ஏதோ இந்திரஜாலமாகத் தோன்றக்கூடும். கோணலாக வைப்பதன் சூட்சுமம், ஒவ்வொரு வரிசையும் பல சட்டங்களைக் கடந்து போவதால் பாரம் ஒரே சட்டத்தின் மேல் விழாமல் பகிர்ந்துகொள்ளப்படுகிறது என்பது. மூலையில் முக்கோணமாகத் தொடங்கும் முதல் வரிசைகளுக்கு இரண்டு சுவர்களின் ஆதாரமும் கிடைக்கிறது என்பது இன்னொன்று.

ஆனால் மழைக்கான காரியம் இதற்கு மேல்தான் ஆரம்பமாகிறது. உடைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, பத்தடிக்கு ஓரிரண்டு அங்குலம் தாழும்படி தூம்பு வாயை நோக்கி வாட்டம் பிடித்து, அதைக் கட்டையால் அடிப்பார்கள். ஒருநாள் அடி அல்ல. சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கைக்கட்டையால் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டே பின்னுக்கு நகர்ந்து, முனைக்கு வந்ததும் குறுக்குவாட்டில் மறுபடி தொடங்கி, இவ்விதம் ஒரு வாரமோ அதற்கு மேலுமோ அடித்தால், நான்கு அங்குலம் மூன்றாகச் சுருங்கி, கட்டை விழுந்த இடத்தில் தடம் பதியாமல் கட்டையே துள்ளி எழும்பும் பதம் வரும். பதத்துக்கு அத்தாட்சி அந்தத் துள்ளலே. அடிக்கும்போதெல்லாம் தெளிப்பதற்கு ஒரு ஜலம் உண்டு: கடுக்காயைத் தட்டிப்போட்டு, வெல்லத்தைக் கரைத்து, நாட்கணக்கில் ஊறவைத்த தண்ணீர். இது வெறும் சம்பிரதாயமல்ல. சர்க்கரைப் பொருள் சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகமாகக் கரையச் செய்து, அது நின்று நிதானமாக இறுகுவதற்கு அவகாசம் தருகிறது. கடுக்காயின் துவர்ப்புச் சத்து கலவையை நெருக்கி உறுதியாக்குகிறது. இதன் மேல் கையகலத் தட்டோடுகளை இரண்டு மூன்று வரிசை, ஒன்றின் மூட்டு மற்றொன்றின் மூட்டுக்கு நேராக வராமல், சாந்தில் பதித்து முடித்தால் மெத்தை பூர்த்தியாயிற்று. செலவில் பெரும்பங்கு கூலியே; அந்தக் கூலியிலும் மிகக் குறைந்தது, தாளம் தப்பாமல் அடித்த பெண்களுக்குப் போனது என்பதையும் மறக்கலாகாது.

பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்து உப்பங்கழிகளில் தோண்டியெடுத்த கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பே இத்தனைக்கும் மூலப்பொருள். அதைப் பல தரம் அரைத்து மெருகிட்டால் சலவைக்கல்லைப் போலப் பளபளக்கும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கப்பலேறிப்போன கீர்த்தி. 1802இல் திறக்கப்பட்ட விருந்து மண்டபத்தை, அதாவது இன்றைய ராஜாஜி மண்டபத்தை, கட்டிய ஜான் கோல்டிங்ஹாம் என்பவர் தொழிலால் வானசாஸ்திரி. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை வகித்து, 1796 முதல் நாள்தோறும் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறித்துவைத்தவர். ஆகாயத்தை அளந்தவரும் ஆகாயத்துக்குக் கீழே கூரை போட்டவரும் ஒரே ஆளாக இருந்தது தற்செயலாயினும் பொருத்தமானது. அவருக்குப் பின் வந்த சென்னைப் படைப் பொறியாளர் ஜே.டி. ஸ்மித், பிரெஞ்சு அறிஞர் விக்கா சுண்ணாம்புச் சாந்துகளைப் பற்றி எழுதிய சாஸ்திர நூலை 1837இல் இங்கிலீஷில் மொழிபெயர்த்தபோது, நம் தேசத்துப் பொருள்களைக் கொண்டு செய்த பரீட்சைகளின் விவரத்தையும் உடன் சேர்த்தார். ஐரோப்பாவில் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஆஸ்ப்டின் என்பவர் 1824இல் காப்புரிமை பெற்றுச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அந்தச் சமயத்தில் சென்னைக் கொத்தனார் கடுக்காய்த் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்ததை ஸ்மித் போன்றவர்கள் பரிகாசம் செய்யவில்லை, பரீட்சித்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த நாம்தான் பரிகாசம் செய்தோம்.

இனி வருஷாந்தரத் தயாரிப்புக்கு வருவோம். சுண்ணாம்புத் தளம் தண்ணீரை அடியோடு மறுப்பதல்ல; கொஞ்சம் குடித்து, வெயில் அடித்ததும் அதை ஆவியாக வெளியே விட்டுவிடுவது. மயிரிழை வெடிப்புக்களில் நீர் புகுந்தால், கரைந்த சுண்ணாம்பு மறுபடியும் படிந்து, அந்த வெடிப்பைத் தானே அடைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே வீட்டுக்காரர் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றே: நீர் நிற்காமல் பார்த்துக்கொள்வது. ஆடிக் காற்று அள்ளிக்கொண்டுவந்த சருகையும் மண்ணையும் கூட்டித் தள்ளி, தூம்பு வாயில் அடைத்திருப்பதைக் குச்சியால் குத்தியெடுத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருமிடத்தில் விட்டுப்போன பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசி, தட்டோட்டு மூட்டுக்களில் உதிர்ந்த சாந்தை நிரப்புவார்கள். எல்லாவற்றிலும் முக்கியம், காக்கை போட்ட விதையிலிருந்து சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது. அரசமரத்தை வெட்டுவது பாவம் என்ற எண்ணத்தால், கன்றாக இருக்கையில் கைகூசி விட்டுவிட்டு, பின்னால் சுவர் பிளந்து நிற்கிற வீடுகளைத் தர்மத்தின் ஸ்தம்பங்கள் என்று சொல்வதா, சோம்பலின் ஸ்தம்பங்கள் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. புரட்டாசியில் நவராத்திரிக்கு வீடு மெழுகுவதும், ஆயுத பூஜையன்று கொத்தனார் தம் கரணைக்கும் ரசமட்டத்துக்கும் தூக்குக்குண்டுக்கும் சந்தனப் பொட்டு இடுவதும், மழைக்கு முந்தின வேலையெல்லாம் முடிந்தது என்பதற்கு ஏறக்குறைய ஒரு எல்லைக்கல்லாக அமைந்தன. அதற்குப் பிறகு சாந்து பூசினால் காயாது.

சிமெண்ட் சென்னைக்கு அந்நியமாக வந்த பொருளல்ல. இந்தியாவில் அதைச் செய்ய நடந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று இந்த ஊரிலேயே நடந்தது. 1904இல் சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற கம்பெனி, மெத்தைக்கு உதவிய அதே கடற்கிளிஞ்சலைக் கொண்டு போர்ட்லண்ட் சிமெண்ட் செய்யத் தொடங்கி, அது நிலைக்காமல் நின்றுபோயிற்று. வெற்றி 1914இல் போர்பந்தருக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 1934இல் மதுக்கரையும், 1939இல் டால்மியாபுரமும், சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் தாழையூத்தும் சூளை மூட்டிய பிறகே மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் கோடம்பாக்கத்துக்கு வந்தது. அந்த டால்மியாபுரத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்ற வேண்டுமென்று 1953இல் தண்டவாளத்தில் படுத்தவர், முந்தின வருஷம் 'பராசக்தி' படத்துக்கு வசனம் எழுதி இந்தக் கோடம்பாக்கத்தையே கிடுகிடுக்க வைத்த மு. கருணாநிதி என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

மெத்தையை வீழ்த்தியது சிமெண்ட் மட்டுமல்ல. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், பட்டணத்தின் உத்திரங்களுக்கெல்லாம் ஊற்றாக இருந்த தேக்குக் கப்பல்கள் நின்றன. யுத்தத்துக்குப் பின் கிடைத்த மரத்தின் விலை நடுத்தரக் குடும்பஸ்தனைத் திகைக்க வைத்தது. ஒரு வாரம் அடிக்கும் கூலியும் ஏறியது. இரும்புக் கம்பியைப் பின்னிக் கட்டி, சவுக்குக் கழிகளின் மேல் பலகை அடித்து, ஒரே நாளில் அறை முழுவதற்கும் தளம் வார்த்துவிடலாம் என்ற செய்தி, இந்தச் சந்தர்ப்பத்தில் வரப்பிரசாதமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. வார்த்த மறுநாள் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பத்துப் பதினைந்து நாள் அதை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரில் ஊறி ஊறி வலுக்கிற வஸ்துவுக்கு மழையால் என்ன ஆபத்து வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். தளம் வார்த்த கையோடு மேலே மெல்லிய சிமெண்ட் பூச்சு ஒன்றைப் போட்டு, அதோடு காரியம் தீர்ந்தது என்று இறங்கிப்போன மேஸ்திரிகள் அந்நாட்களில் எத்தனையோ பேர்.

காங்கிரீட் தண்ணீரால் கெடுவதில்லை என்பது மெய்யே. அதற்குள் இருக்கும் கம்பி கெடும் என்பது அதன் மறுபாதி. வெயிலில் நீண்டு மழையில் சுருங்கும் தளத்தில் மயிரிழை வெடிப்பு விழாமல் இராது. சுண்ணாம்பைப் போல அதைத் தானே ஆற்றிக்கொள்ளும் சுபாவம் சிமெண்டுக்கு மிகச் சொற்பம். வெடிப்பு வழியாக நீரும் காற்றும் இறங்க, கம்பி துருப்பிடிக்க, துரு இரும்பைப்போல் இரண்டு மூன்று மடங்கும் அதற்கு மேலும் பருத்து, அடிப்பக்கத்துக் காறையைத் தள்ளிவிடுகிறது. கடற்கரைப் பட்டணமாதலால் காற்றில் வருகிற உப்பும், சில இடங்களில் கலவைக்கு ஊற்றிய உவர்க் கிணற்று நீரும் அந்தத் துருவைத் துரிதப்படுத்தின. இப்படித்தான், பனி உறையாத ஊரிலும், உள்ளிருந்து பருத்துப் பிளக்கும் அதே வியாதி வேறொரு வேஷத்தில் வந்து சேர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் ஈரத்திட்டு. அடுத்ததில் மஞ்சள் கறை. சில வருஷங்களில் ஊஞ்சலின் மேலோ தொட்டிலின் மேலோ ஒரு பாளம் பெயர்ந்து விழும். வெயிலின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல: மூன்று நான்கு அங்குலச் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் தடுத்துவைத்த உஷ்ணத்தை, வெறும் காங்கிரீட் பகலெல்லாம் குடித்து ராத்திரியில் அறைக்குள் இறக்கியது. மெத்தை வீட்டிலிருந்து காங்கிரீட் வீட்டுக்குக் குடிபோனவர்கள் முதல் கோடையிலேயே பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறியதற்குக் காற்று மட்டும் காரணமல்ல.

ஆகையால் பழையதை மறுபடி அழைத்துவந்தார்கள். மரமும் அச்சுக்கல்லும் போயின. ஆனால் அவற்றின் மேலிருந்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் அப்படியே எடுத்துவரப்பட்டு, சிமெண்டுத் தளத்தின் தலையில் ஒரு தலைப்பாகையாகக் கட்டப்பட்டன. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் விதிகளில் இதற்கு நிரந்தரமான ஒரு இலக்கணமே உண்டாயிற்று: 32 பங்கு ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு சுண்ணாம்பு, கட்டையால் அடித்து, வாட்டம் பிடித்து, மேலே அழுத்தி வார்த்த தட்டோடு பதித்து, மூட்டுக்களைச் சிமெண்டால் பூச வேண்டும். 'வெதரிங் கோர்ஸ்' என்று காகிதத்தில் எழுதுவார்கள். மேஸ்திரிகள் அதை 'சுர்க்கி' என்பார்கள், அது செங்கற்பொடிக்குரிய பெயராயினும். கோடம்பாக்கத்திலும் டிரஸ்ட்புரத்திலும் ரங்கராஜபுரத்திலும் ஐம்பது அறுபதுகளில் எழுந்து இன்னும் இடிபடாமல் நிற்கிற வீடுகளின் மாடிக்கு ஏறிப் பார்த்தால், செந்நிறத் தட்டோடு பாசிபிடித்துக் கறுத்துக் கிடப்பதைக் காணலாம். அதன் கீழே இருப்பது இருபதாம் நூற்றாண்டின் தளம், மேலே இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் தளம். புதியது பழையதை வென்றது என்று எழுதுவது சுலபம்; இங்கே நடந்தது அப்படியல்ல. புதியது பாரத்தைத் தாங்கும் வேலையை ஏற்றது, மழையைத் தாங்கும் வேலையைப் பழையதிடமே விட்டது.

சிமெண்ட் கிடைப்பதும் அக்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. யுத்தகாலத்துக் கட்டுப்பாடு வேறு வேறு ரூபத்தில் நெடுநாள் நீடித்து, 1982இல் பாதியும் 1989இல் முழுவதுமாகத்தான் நீங்கிற்று. ஒரு அறை கூட்டிக் கட்ட விரும்பியவர் பர்மிட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தார். வேலி ஓரத்தில் இருந்த ஸ்டூடியோவில், பூச்சும் சாக்கும் மூங்கிலுமாகப் பத்து நாளில் ஒரு சோழ ராஜதானி எழுந்து, படம் முடிந்ததும் அதே வேகத்தில் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த தெருவில், நாலு மூட்டைச் சிமெண்டுக்கு நாலு மாதம் நடந்த குமாஸ்தாவின் மனநிலையை எந்த வசனகர்த்தாவும் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. பர்மிட்டில் கிடைத்த மூட்டைகள் தளத்துக்கே போதாதபோது மழைக்கான மேல்வேலைக்குச் சிமெண்டைச் செலவிட யாரும் துணியவில்லை. சுண்ணாம்புக்குப் பர்மிட் கிடையாது. அந்தத் தட்டுப்பாடும் பழைய முறையை இன்னும் ஒரு தலைமுறைக்கு உயிரோடு வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

எண்பதுகளுக்குப் பின் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாயின. சினிமாத் தொழில் மெலிந்த இடங்களில் ஸ்டூடியோ நிலங்களும் ஆஸ்பத்திரியாகவும் ஹோட்டலாகவும் குடியிருப்பாகவும் மாறின. ஒரு வாரம் கட்டை அடிக்க ஆளும் இல்லை, ஒரு வாரம் காத்திருக்கக் கட்டுகிறவருக்குப் பொறுமையும் இல்லை. ஜல்லிச் சுண்ணாம்பு கனத்தின் மேல் கனம் என்று கணக்குப் பார்த்தார்கள். அதன் இடத்தில் பீங்கான் ஓட்டுச் சில்லும், தாரும், ரப்பர் போல் இழுபடும் ரசாயனப் பூச்சும், வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடும் வந்தன. இவற்றை நான் இகழவில்லை. வெள்ளை ஓடு போட்ட மாடிக்குக் கீழே மே மாதத்து மத்தியானம் படுத்தவர்கள் அதை இகழமாட்டார்கள். ஆனால் ரசாயனப் பூச்சு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சில வருஷங்களே என்பதையும், அது உரிந்த இடத்தில் நீர் உள்ளே சிறைப்பட்டு, சுண்ணாம்பில் போல் ஆவியாகி வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது என்பதையும், ஒழுகத் தொடங்கிய பிறகே பலர் தெரிந்துகொள்கிறார்கள். இதற்கிடையில் பழைய கைவேலையை அறிந்தவர்களுக்கு வேறோரிடத்தில் அழைப்பு வந்தது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் தீயில் எரிந்து கூரை விழுந்ததும், அதைப் புதுப்பிக்கப் பொதுப்பணித் துறையார் மரமும் அச்சுக்கல்லும் கடுக்காய் வெல்லமும் தேடிப் போனார்கள். குமாஸ்தாவின் வீட்டில் தினசரி விஷயமாக இருந்த ஒன்று நவாபின் அரண்மனையில் அபூர்வக் கலையாகத் திரும்பி வந்தது.

இதற்கு முன், மொட்டை மாடியைப் பற்றி அரசாங்கத்துக்கே புதிய அக்கறை ஒன்று பிறந்திருந்தது. தொடர்ந்த வறட்சியால் கிணறுகள் வற்றியபோது, ஒவ்வொரு கட்டடமும் தன் கூரையில் விழும் மழையைப் பூமிக்குள் இறக்க வேண்டுமென்று 2003இல் சட்டம் கட்டாயமாக்கிற்று. அதுவரை எப்படியாவது தெருவுக்குத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்த நீர், குழாய் வழியாகத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் திருப்பப்பட்டது. காக்கை எச்சமும் சருகும் கிணற்றுக்குள் போகும் என்பதால், புரட்டாசியில் மாடியைக் கூட்டுவதற்கு இப்போது இரண்டாவது காரணமும் சேர்ந்தது. சில வருஷம் உற்சாகமாக நடந்தது. பிறகு நல்ல மழை பெய்த வருஷங்கள் வரவே, வடிகட்டும் தொட்டிகள் பலவற்றில் மணல் இறுகிப்போயிற்று. 2015 நவம்பரில் ஒரே மாதத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, மேற்கு மாம்பலத்திலும் கோடம்பாக்கத்தின் தாழ்ந்த தெருக்களிலும் கீழ்வீட்டார் தண்ணீரிலிருந்து தப்ப மாடிக்கு ஏறினார்கள். ஏறிய இடத்தில் வாட்டம் இல்லாமல் குளமாக நின்ற நீரை அவர்கள் கண்டதும் அன்றைக்குத்தான்.

தனி வீட்டில் மாடிக்கு ஒரு எஜமானன் இருந்தான். ஒழுகினால் அவன் தலையில்தான் ஒழுகும். அடுக்குமாடியில் தமிழ்நாடு அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின்படி மேல்தளம் எல்லாருக்கும் பொதுச்சொத்து. ஒழுகுவதோ உச்சி மாடிக்காரர் ஒருவருக்கு மட்டும். தரைத்தளத்துக்காரர் கொசுவைப் பற்றிப் பேசுவார், நடுமாடிக்காரர் லிஃப்டைப் பற்றிப் பேசுவார், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரருக்காக வாடகைக்காரர் மௌனமாக இருப்பார். உச்சி மாடிக்காரர் மட்டும் ஈரம் ஊறிய கூரையின் படத்தைக் கைப்பேசியில் சுற்றுக்கு விடுவார். இந்தப் பொருளைப் பற்றிய சங்கக் கூட்டம் புரட்டாசியில் கூடியதை நான் கேள்விப்பட்டதில்லை. அது வழக்கமாக ஐப்பசி முதல் மழைக்கு மறு ஞாயிற்றுக்கிழமை கூடும். அப்போது அழைக்கப்படுகிற மேஸ்திரி, தளம் காய்ந்தாலொழியக் கரணை வைக்க முடியாது, தை பிறக்கட்டும் என்று சொல்லி, முன்பணம் மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.